குடித்துவிட்டு ஓட்டிய கேஸில் அபராதம் கட்டியாச்சு, லைசென்ஸ் என்ன ஆச்சு? கோர்ட்டுகளுக்கு இதில் பயிற்சி வேண்டாமா?

அஸ்தம்பட்டி வக்கீல் எழுதியது:

குடித்துவிட்டு ஓட்டிய கேஸில் பத்தாயிரத்தைக் கட்டிவிட்டு கோர்ட்டை விட்டு வெளியே வரும் லாரி டிரைவர், அன்று சாயங்காலமே லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். சட்டப்படி பார்த்தால் அந்த நேரத்தில் அவர் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது. இதைப் பற்றி இங்கே யாராவது பேசியிருக்கிறார்களா என்று தேடினேன். அபராதம் எவ்வளவு, வண்டியை ஸ்டேஷனிலிருந்து எப்படி எடுப்பது என்கிற இழைகள்தான் கிடைக்கின்றன. அதனால் புதிதாக ஒன்று தொடங்குகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185. நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த தடவை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 15,000, அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன்னால் முதல் தடவைக்கு 2,000தான் உச்சம். இது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். பேப்பரில் வருவதும் இதுதான்.

பேப்பரில் வராதது இதற்கு அடுத்தது. 185இல் தண்டனை கொடுக்கும் நீதிமன்றம், பிரிவு 20(2)இன்படி குறைந்தது ஆறு மாதத்துக்கு அந்த ஆளை லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதியற்றவர் என்று உத்தரவும் போட்டாக வேண்டும். விருப்பம் இருந்தால் போடலாம் என்று இல்லை, கட்டாயம். இரண்டாவது முறையும் 185இல் தண்டனை வந்தால் 22(2)இன்படி லைசென்ஸையே ரத்து செய்ய வேண்டும். அப்புறம் பிரிவு 210. தண்டனை விவரத்தை, லைசென்ஸ் கொடுத்த ஆர்டிஓவுக்கும் கடைசியாகப் புதுப்பித்த ஆர்டிஓவுக்கும் நீதிமன்றமே தெரிவிக்க வேண்டும்.

என் கைக்கு வந்த பல தீர்ப்பு நகல்கள் நாலே வரிதான். குற்றத்தை ஒப்புக்கொண்டார், அபராதம் இவ்வளவு, கட்டத் தவறினால் இத்தனை நாள், அபராதம் கட்டப்பட்டது. பிரிவு 20 பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எந்த ஊர் கோர்ட் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். நீதிபதிகளைக் குறை சொல்லவும் வரவில்லை. காலை பத்தரைக்குப் பெயர் கூப்பிடத் தொடங்கினால் இந்த மாதிரி கேஸுக்கு ஆளுக்கு ஒரு நிமிஷம் கிடைப்பதே பெரிது.

நீதிபதிகளுக்குப் பயிற்சி தருகிற தமிழ்நாடு மாநில ஜுடிஷியல் அகாடமிக்கு சென்னை தவிர கோவையிலும் மதுரையிலும் மையங்கள் இருக்கின்றன. அங்கே இதற்கென்று, அதிலும் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்களின் கேஸ்களுக்கென்று, ஒரு நாள் வகுப்பு கேட்டு பார் அசோசியேஷன் வழியாக மனு கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். சேலம், சங்ககிரி, நாமக்கல் என்று ஊர் ஊராக லாரியை நம்பி இருக்கிற இடம் இது. நாம் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? என்னென்ன சேர்க்கணும், சொல்லுங்கள்.

சங்ககிரி டிரைவர் எழுதியது:

நல்லா இருக்குங்க வக்கீல் சார். ஏற்கனவே நாலு பக்கமும் அடி வாங்குகிறோம், இனி கோர்ட்டுக்கும் சொல்லிக் கொடுத்து அடிக்க வையுங்கள்.

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது, அதனால் எனக்காகப் பேசவில்லை. ஐ.டி. கம்பெனிக்காரர் ஒருத்தர் பைக்கில் மாட்டினால், ஆறு மாசம் பஸ்ஸில் வேலைக்குப் போவார். அதே ஆறு மாசம் எங்கள் ஆளுக்கு என்றால் வீட்டில் அடுப்பு எரியாது. பையன் ஸ்கூல் ஃபீஸ், வண்டிக்காரரிடம் வாங்கின அட்வான்ஸ், எல்லாம் நிற்கும். இரண்டு பேருக்கும் ஒரே அளவுகோலா?

இன்னொரு சங்கதி. பிடிக்கிற அன்றைக்கே போலீஸ் லைசென்ஸை வாங்கி ஆர்டிஓவுக்கு அனுப்பிவிடுகிறார்கள், மூன்று மாசம் சஸ்பெண்ட். அதற்கு மேல் கோர்ட் ஆறு மாசம் போட்டால் ஒரு தப்புக்கு எத்தனை தண்டனை? உங்கள் வகுப்பில் இதையும் நடத்துவீர்களா?

அஸ்தம்பட்டி வக்கீல் எழுதியது:

கட்டாயம் நடத்தணும் அண்ணா. அதற்காகத்தான் வகுப்பே.

நீங்கள் சொல்கிற மூன்று மாசம் வேறு பாதையில் வருவது. சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் நியமித்த கமிட்டி 2015இல் மாநிலங்களுக்குச் சொன்னது: வேகம், சிக்னல் மீறல், அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது, போனில் பேசிக்கொண்டு ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, இதற்கெல்லாம் குறைந்தது மூன்று மாசம் லைசென்ஸை நிறுத்தி வை என்று. அதை ஆர்டிஓ பிரிவு 19இல் செய்கிறார். போலீஸ் லைசென்ஸை வாங்கி அனுப்புவதற்கு 206(4) இருக்கிறது. நான் சொன்னது கோர்ட் போட வேண்டிய பிரிவு 20. ஒன்று நிர்வாக நடவடிக்கை, மற்றது தண்டனையோடு சேர்ந்து வருவது.

ஆர்டிஓ நிறுத்தின மூன்று மாசத்தை கோர்ட்டின் ஆறு மாசத்தில் கழிக்கச் சொல்லி டிரைவர் தரப்பில் கேட்கலாமா, கேட்டால் நீதிபதி என்ன செய்யலாம்? இந்தக் கேள்வியை எந்த கோர்ட்டிலும் யாரும் எழுப்புவதே இல்லை, ஏனென்றால் 20ஐயே யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் உங்கள் தரப்புக்கும் பேச இடம் கிடைக்கும். இப்போது என்ன நடக்கிறது? ஆர்டிஓ நடவடிக்கை எடுத்த ஆளுக்கு மூன்று மாசம் போகிறது, லைசென்ஸ் அனுப்பப்படாமல் தப்பித்த ஆளுக்கு ஒன்றுமே இல்லை. குருட்டு அதிர்ஷ்டம்தான் தீர்ப்பு சொல்கிறது.

பழைய ரைட்டர் எழுதியது:

போலீஸ் ஸ்டேஷனில் கேஸ் ஃபைல் எழுதுகிற ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கேஸ் கெட்டுப் போகிற இடம் கோர்ட் இல்லை, ரோடு. அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஊதும் மிஷினிலிருந்து ஒரு சின்னச் சீட்டு வரும். மிஷின் நம்பர், தேதி, நேரம், எத்தனை மில்லிகிராம், எல்லாம் அதில் இருக்கும். டிரைவரிடம் கையெழுத்து வாங்கி ஃபைலில் பின் அடித்து வைப்போம். கடையில் பில் அடிக்கிற அதே வழுவழுப்பான தாள் அது. வெயில் பட்டாலும் சரி, பிளாஸ்டிக் கவரில் போட்டாலும் சரி, எழுத்து மங்கிவிடும். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் கேஸ் நடத்துகிற ஆள் கிடைத்து, ஒரு வருஷம் கழித்து சாட்சிக் கூண்டில் அந்தச் சீட்டை எடுத்து நீட்டினால் வெறும் வெள்ளைத் தாள். நான் இருந்த ஸ்டேஷனில் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, இன்ஸ்பெக்டர் கையெழுத்தோடு கூட வைப்போம். எல்லா இடத்திலும் அப்படிச் செய்வார்கள் என்று சொல்ல முடியாது.

மிஷினை எப்போது கடைசியாக அளவு சரிபார்த்தார்கள் என்கிற சான்று ஃபைலில் இருக்கிறதா என்றும் யாரும் பார்ப்பதில்லை. வக்கீல் ஒருத்தர் கேட்டால் போதும், கேஸ் ஆடிப்போகும்.

கைது என்று போனால் பிரிவு 202ஐ மறக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர் பரிசோதனை நடக்கணும். நடக்கவில்லை என்றால் ஆளை விட்டுவிடணும். ராத்திரி ஒரு மணிக்கு, ஒரு எஸ்.ஐ., இரண்டு போலீஸை வைத்துக்கொண்டு, பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது இதை வேகமாகச் செய்வது லேசில்லை. நீதிபதிகளுக்கு வகுப்பு எடுப்பதென்றால் முதலில் ஒரு ராத்திரி செக்போஸ்ட்டில் நிற்க வையுங்கள்.

டூட்டி டாக்டர் எழுதியது:

ரைட்டர் ஐயா சொன்ன இரண்டு மணி நேரத்தின் மறுமுனையில் நிற்கிறவள் நான். அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டி.

கான்ஸ்டபிள் ஒரு மெமோவோடு ஆளைக் கூட்டி வருவார். நாங்கள் மூச்சு வாடை, கண், பேச்சு, நடை எல்லாம் பார்த்து ஒரு சர்டிபிகேட் எழுதுகிறோம். வழக்கமான வாசகம் ஒன்று உண்டு: ‘மது அருந்தியுள்ளார், ஆனால் அதன் ஆதிக்கத்தில் இல்லை’. கை தானாக எழுதிவிடும். 185இன் முதல் பகுதிக்கு ஆதிக்கம் என்பதே தேவையில்லை, எண்தான் தேவை. 30க்கு மேல் இருந்தால் ஆள் நேர்கோட்டில் நடந்தாலும் குற்றம் குற்றமே. ஊதும் சீட்டில் 90 இருக்கும், கூடவே என்னுடைய சர்டிபிகேட்டில் ‘ஆதிக்கத்தில் இல்லை’ என்று இருக்கும். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நீதிபதி என்ன முடிவுக்கு வருவார்?

ரத்தம் எடுக்கச் சொன்னால் இன்னும் சில விஷயம். ஊசி குத்துகிற இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கக் கூடாது. சோடியம் ஃபுளோரைடு போட்ட குழாயில் எடுக்கணும், இல்லாவிட்டால் குழாய்க்குள்ளேயே ஆல்கஹால் அளவு மாறும். சீல் வைத்து, ஃபிரிட்ஜில் வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுதணும். கஞ்சா, மாத்திரை மாதிரி சமாசாரத்துக்கு ஊதும் மிஷின் உதவாது. பிரிவு 204இல் சொல்லியிருக்கிற லேப் டெஸ்ட்தான் வழி. இதையெல்லாம் ஏ.பி.பி.யும், அதாவது அரசுத் தரப்பு வக்கீலும், நீதிபதியும் தெரிந்து வைத்துக்கொண்டு எங்களைக் கேள்வி கேட்டால் நாங்களும் ஒழுங்காகச் செய்வோம். சாட்சி சொல்லப் போனால் ‘இது உங்கள் கையெழுத்துதானே’ என்பதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

நாலு ரோடு நாயகன் எழுதியது:

கடையைத் திறந்து வைப்பதும் கவர்மெண்ட், வெளியே நின்று ஊதச் சொல்வதும் கவர்மெண்ட். இதில் நீதிபதிக்கு வகுப்பு ஒரு கேடு.

பழைய ரைட்டர் எழுதியது:

தம்பி, அந்தக் கேள்வியும் கோர்ட் வரைக்கும் போனதுதான். 2016 டிசம்பர் 15, தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு வழக்கு. தேசிய, மாநில நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சின்ன ஊர்களுக்கு அப்புறம் 220 மீட்டர் ஆக்கினார்கள். நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் அந்தத் தடை பொருந்தாது என்று 2017லேயே விளக்கமும் வந்துவிட்டது. சீலநாயக்கன்பட்டி, கொண்டலாம்பட்டி பைபாஸ் பக்கம் போய்ப் பார்த்தால் அந்த விளக்கத்துக்கு அர்த்தம் புரியும்.

நெறியாளர் எழுதியது:

மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்பதற்குத் தனி இழை இருக்கிறது. அங்கே போய்ச் சண்டை போடுங்கள். கட்சி பேசின நாலு பதிவுகளை எடுத்துவிட்டேன்.

டாலஸ் சேலத்தான் எழுதியது:

பிறந்தது சேலத்தில் குகை என்கிற பகுதி, இப்போது அமெரிக்காவில் ஒரு லாரி கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவில் வேலை. இங்கே நீதிபதிகளுக்கு இந்த வகுப்பு பல வருஷமாக நடக்கிறது. ரெனோ நகரத்தில் நேஷனல் ஜுடிஷியல் காலேஜ் என்று ஒன்று, 1963இல் தொடங்கியது. மாநில நீதிபதிகள் அங்கே போய்ப் படிப்பார்கள். குடித்துவிட்டு ஓட்டிய வழக்குகள் அவர்கள் பாடங்களில் ஒன்று. அது தவிர, ஒரு நீதிபதியையோ ஓய்வு பெற்ற நீதிபதியையோ தேர்ந்தெடுத்து, இந்த விஷயத்தில் மற்ற நீதிபதிகளிடம் பேசுவதற்கென்றே பல மாநிலங்களில் வைத்திருக்கிறார்கள். போலீஸ் போய்ச் சொன்னால் நீதிபதி கேட்பாரா? நீதிபதிக்கு நீதிபதி சொன்னால்தான் எடுபடும்.

டிரைவர் அண்ணா கேட்ட அளவுகோல் கேள்விக்கு வருகிறேன். இங்கே அளவுகோல் வேறுதான், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற பக்கம் இல்லை. சாதாரண ஆளுக்கு பெரும்பாலான மாநிலங்களில் 80 மில்லிகிராம் கணக்கு, யூட்டாவில் மட்டும் 50. பெரிய லாரி, பஸ் ஓட்டும்போது 40. கமர்ஷியல் லைசென்ஸ் வைத்திருக்கிறவர் முதல் தடவை தண்டனை வாங்கினால் ஒரு வருஷம் லாரி ஓட்ட முடியாது. அபாயகரமான சரக்கு ஏற்றியிருந்தால் மூன்று வருஷம். இரண்டாவது தடவை என்றால் ஆயுசுக்கும் தகுதியிழப்பு. ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காரில் மாட்டினாலும் இதே கதி.

நீதிபதிகளுக்கு இங்கே முக்கியமாகச் சொல்லித் தருவது ‘மாஸ்கிங்’ பற்றி. பாவம், பிள்ளைகுட்டிக்காரன் என்று நினைத்து, தண்டனையைத் தள்ளி வைப்பது, ஒரு வகுப்புக்குப் போய்வந்தால் கேஸ் இல்லை என்று எழுதுவது, ரெக்கார்டில் ஏறாத மாதிரி சின்னக் குற்றமாக மாற்றுவது. கமர்ஷியல் லைசென்ஸ்காரருக்கு இப்படி மறைத்து உதவக் கூடாது என்று மத்திய அரசு விதியே இருக்கிறது. அந்த நீதிபதி செய்யும் உதவி அடுத்த மாநிலத்தில் ஒரு கம்பெனிக்குத் தெரியாமல் போகிறது, அவர்கள் அந்த ஆள் கையில் நாற்பது டன் வண்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். 2020 ஜனவரியிலிருந்து மது, போதைப் பரிசோதனையில் சிக்கின லாரி டிரைவர்களின் விவரம் ஒரே பட்டியலில் இருக்கிறது. வேலைக்கு எடுப்பதற்கு முன்னால் அதைப் பார்க்காமல் எடுக்க முடியாது.

நம் ஊரில் 30 எல்லோருக்கும். அதாவது இங்கே லாரிக்காரருக்கு வைத்திருக்கிற அளவை விட நம்முடையதே கண்டிப்பு. எழுத்தில் நாம் முன்னால் இருக்கிறோம், அந்த 210 கடிதத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

சங்ககிரி டிரைவர் எழுதியது:

அங்கே டிரைவர் எட்டு மணி நேரம் தூங்கினாரா என்று கேட்க ஆள் இருக்கிறது தம்பி. இங்கே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961 என்று ஒன்று 2025 வரைக்கும் இருந்தது, எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாதாம். சிரிப்புதான் வருகிறது. ஒரே ஆள், ஒரே ஓட்டம், நாக்பூர் வரைக்கும். உடம்பு வலிக்குக் குடிக்கிறவன்தான் பாதிப்பேர். கூண்டில் நிற்கிறவனிடம் ‘குடித்தாயா’ என்று மட்டும் கேட்கிறீர்கள், ‘எத்தனை மணி நேரமாக ஓட்டினாய், யார் ஓட்டச் சொன்னது’ என்று எந்த நீதிபதியும் கேட்டதில்லை. வகுப்பில் அதைச் சேருங்கள், நானும் மனுவில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆறு சக்கரம் எழுதியது:

லாரி வைத்திருப்பவன் என்கிற முறையில் சொல்கிறேன், ஓனர்களில் பலருக்கே தங்கள் தலைக்கு மேல் கத்தி தொங்குவது தெரியாது. டிரைவர் போதையில் இருந்தால் வண்டி ரிப்பேர் கிளெய்ம் போச்சு. மூன்றாம் நபர் நஷ்டஈடு வழக்கிலும், 2019 திருத்தத்துக்குப் பின் பிரிவு 150(2)இல் 185ஐக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி எதிர்வாதம் வைக்கலாம். அப்புறம் பணம் யார் தலையில்? டிரைவர் கேஸை ஒப்புக்கொண்டு பத்தாயிரம் கட்டிவிட்டு வந்துவிடுவார், அந்தக் காகிதம் மோட்டார் விபத்து தீர்ப்பாயத்தில் நம் கழுத்துக்கு வரும்.

தகுதியிழப்பு போட்டார்கள் என்று நமக்குத் தெரியாமல் அவரையே வண்டியில் ஏற்றினால் அதற்குத் தனியாக 180இல் ஓனர் மேல் கேஸ், 182இல் டிரைவர் மேல் கேஸ். எனவே உத்தரவு நகல் ஓனருக்கும் ஒன்று வரணும். டிரைவர் கிடைப்பதே பஞ்சமாக இருக்கிற காலத்தில் லைசென்ஸை வாங்கிப் பார்க்க யார் மெனக்கெடுகிறார்கள்?

கொண்டை ஊசி எழுதியது:

ஏற்காட்டிலிருந்து. நீங்கள் எல்லோரும் பைபாஸையே பேசுகிறீர்கள், மலையைக் கொஞ்சம் பாருங்கள்.

அடிவாரத்திலிருந்து மேலே வர இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது வண்டியே ஆளைக் கட்டுப்படுத்திவிடும். ஆபத்து இறங்கும்போதுதான். இரண்டாவது கியரில் இன்ஜின் பிடியில் இறங்க வேண்டிய வண்டியை, போதையில் இருப்பவர் மூன்றாவதில் விட்டுவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். பத்து வளைவு இறங்குவதற்குள் லைனிங் கருகிற வாடை நம் மூக்குக்கே வந்துவிடும். அதற்கு மேல் மிதித்தால் பெடல் இறங்கும், வண்டி நிற்காது. ஊதினால் 35தான் காட்டும். சமவெளியில் 35, மலையில் 35, சட்டத்துக்கு இரண்டும் ஒன்று. தண்டனையின் அளவை முடிவு செய்கிற நீதிபதிக்கு அப்படி இருக்க வேண்டியதில்லையே? ஆறு மாசம் குறைந்தபட்சம்தானே, ஒரு வேன் நிறைய ஆட்களோடு மலையிறங்கினவருக்கு அதை விடக் கூடுதலாகப் போட யார் தடுத்தது?

இன்னொரு நடைமுறைக் கஷ்டம். கோடை விழா சமயம் அடிவாரத்தில் ஒரு டூரிஸ்ட் வேனை நிறுத்தி டிரைவரை ஊதச் சொன்னார்கள், மாட்டிக்கொண்டார். உள்ளே குழந்தைகளோடு இரண்டு குடும்பம், சொந்த ஊர் விருதுநகர் பக்கம். ராத்திரி பத்து மணி. மாற்று டிரைவர் வரும் வரைக்கும் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு பாட்டி கம்பளியைப் போர்த்திக்கொண்டு போலீஸையே திட்டிக்கொண்டிருந்தார், டிரைவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை! அந்தப் பயணிகள் யாரும் கோர்ட்டுக்கு வரப்போவதில்லை. அவர்கள் இருந்தார்கள் என்கிற வரியாவது குற்றப் பத்திரிகையில் இருக்குமா?

அஸ்தம்பட்டி வக்கீல் எழுதியது:

இருக்காது. வேன் நம்பர் இருக்கும், ஆள் எண்ணிக்கை இருக்காது. நல்ல பாயிண்ட், குறித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா சொன்னதோடு இரண்டு தீர்ப்புகளைச் சேர்க்கிறேன். 1971, பச்சுபாய் ஹசனல்லி கார்யானி வழக்கு: வாய் நாற்றம், தள்ளாட்டம், விரிந்த கண்மணி, குழறின பேச்சு, இதை மட்டும் வைத்து ஒருவர் குடித்திருந்தார் என்று முடிவு கட்ட முடியாது என்றது உச்ச நீதிமன்றம். ரத்தப் பரிசோதனை இல்லாத கேஸில் எதிர்த்தரப்பு எடுக்கிற முதல் ஆயுதம் இதுதான். 2021, இஃப்கோ டோக்கியோ எதிர் பேர்ல் பெவரேஜஸ்: அது இன்சூரன்ஸ் தகராறு. ஊதும் டெஸ்ட் இல்லாவிட்டாலும் மற்ற ஆதாரங்களை வைத்து மதுவின் ஆதிக்கத்தை கம்பெனி நிரூபிக்கலாம் என்று சொன்னது. ஒன்று கிரிமினல், மற்றது நஷ்டஈடு சம்பந்தப்பட்டது. இரண்டையும் குழப்பிக்கொண்டு வாதாடுவதை நானே கேட்டிருக்கிறேன், வாதாடினது யார் என்று சொன்னால் என்னை கேன்டீனில் சேர்க்க மாட்டார்கள்.

உயிர் போன கேஸ்கள் வேறு கணக்கு. கவனக்குறைவால் உயிர் போனால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ-இல் இரண்டு வருஷம் வரை. 2024 ஜூலை 1இலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106(1)இல் ஐந்து வருஷம் வரை. மோதிவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்து வருஷம் என்கிற 106(2), லாரிக்காரர்கள் நாடு முழுக்க வண்டியை நிறுத்தினதால் அமலுக்கு வராமல் நிற்கிறது. குடித்துவிட்டு ஆளைக் கொன்றால் அது கவனக்குறைவா, கொலையாகாத மரணம் விளைவித்ததா என்பதை 2012இல் அலிஸ்டர் பெரைரா, சஞ்சீவ் நந்தா வழக்குகளில் உச்ச நீதிமன்றம் விரிவாகப் பேசியிருக்கிறது. அதற்குத் தனி நாள் வேண்டும், இந்த வகுப்பில் திணிக்க வேண்டாம்.

சங்ககிரி டிரைவர் எழுதியது:

டாக்டரம்மாவுக்கு ஒரு கேள்வி. எங்கள் ஆட்கள் சொல்கிற கணக்கு: ராத்திரி பதினொன்றுக்கு ஒரு குவார்ட்டர், காலை நாலு மணிக்கு எழுந்து டீ குடித்து முகம் கழுவினால் தெளிந்துவிடும். சரியா?

டூட்டி டாக்டர் எழுதியது:

தப்புங்க அண்ணா. 180 மில்லி, 42.8 சதவீதம். அதில் சுத்தமான ஆல்கஹால் ஏறக்குறைய 60 கிராம். எழுபது கிலோ எடையுள்ள ஆண் என்றால் ரத்தத்தில் 125 மில்லிகிராம் பக்கம் ஏறும். ஒரு மணி நேரத்துக்கு 15 என்கிற வேகத்தில்தான் கல்லீரல் அதைக் குறைக்கும். ஐந்து மணி நேரத்துக்கு 75. நாலு மணிக்கு இன்னும் 50 இருக்கும். ஆளுக்கு ஆள் கூடும், குறையும், இது உத்தேசக் கணக்கு. டீ, எலுமிச்சை, பச்சைத் தண்ணீர் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. தெளிவாக இருப்பது மாதிரி தோன்றும், அவ்வளவுதான். விடியற்காலை தொப்பூர் கணவாய் இறங்கும்போது அந்த 50 அவர் கூடவேதான் வரும்.

இதே கணக்கு கோர்ட்டுக்கும் வேண்டும். பிடித்த நேரம் ஒன்று, ரத்தம் எடுத்த நேரம் வேறு. இரண்டு மணி நேரம் தள்ளி எடுத்தால் முப்பது குறைந்திருக்கும். மெமோவில் இரண்டு நேரமும் இல்லாவிட்டால் நீதிபதி பார்க்கிற எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

கோர்ட் கட்டு எழுதியது:

நீதிமன்ற ஊழியன். இத்தனை நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எல்லோரும் நீதிபதிக்குப் பயிற்சி என்கிறீர்கள். 210 கடிதத்தை டைப் அடிக்கிறது யார்? நாங்கள். அந்தக் கடிதத்துக்கு லைசென்ஸ் நம்பர் வேண்டும். எங்களுக்கு வருகிற குற்றப் பத்திரிகையில் வண்டி நம்பர் பளிச்சென்று இருக்கும், லைசென்ஸ் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் கோடு போட்டிருக்கும். எந்த ஆர்டிஓ கொடுத்தது, எங்கே புதுப்பித்தது, ஒன்றும் இருக்காது. அவர் அபராதம் கட்டி ரசீது வாங்கிப் போய்விட்டால் அப்புறம் நாங்கள் யாரைத் தேடுவது?

நீதிபதி ஐயாவிடம் கேஸ் கட்டை வைக்கும்போதே மேலே ஒரு தாள், 185, முதல் தடவையா இரண்டாவதா, தொழில்முறை டிரைவரா, லைசென்ஸ் நம்பர் என்ன என்று நாலு கட்டம் போட்டு இருந்தால் ஒரு நிமிஷத்திலும் உத்தரவு ஒழுங்காக வரும். முதல் தடவையா என்பதே எங்களுக்குத் தெரிவதில்லை. ஓமலூரில் மாட்டினவர் ஆத்தூரில் மறுபடி மாட்டினால் இரண்டு இடத்திலும் முதல் தடவைதான்.

டாலஸ் சேலத்தான் எழுதியது:

இங்கேயும் பயிற்சியில் கோர்ட் கிளார்க்குகளைச் சேர்க்கிறார்கள். தண்டனை விவரம் பத்து நாளுக்குள் லைசென்ஸ் ரெக்கார்டில் ஏறணும் என்பது விதி, அதைச் செய்கிறவர்கள் அவர்கள்தானே.

அஸ்தம்பட்டி வக்கீல் எழுதியது:

கட்டுக்காரரே, இத்தனை பதிவில் உங்களுடையதுதான் மனுவின் முதல் பக்கம். இப்படி மாற்றி எழுதுகிறேன்: நீதிபதி, ஏ.பி.பி., பெஞ்ச் கிளார்க் மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து நடக்கிற வகுப்பு. சட்டம் படித்துக் காட்டுகிற லெக்சர் வேண்டாம். பெயர் மாற்றின பழைய ஃபைல்களைக் கையில் கொடுத்து உத்தரவு எழுதச் சொல்லணும். சீட்டு மங்கின ஃபைல் ஒன்று, ‘ஆதிக்கத்தில் இல்லை’ சர்டிபிகேட் வந்த ஃபைல் ஒன்று, பதினாறு மணி நேரம் ஓட்டின டிரைவருடையது ஒன்று, மலையிறங்கின வேன் ஒன்று, இரண்டாவது தடவை மாட்டினவர் ஒன்று. கடைசியில் 210 கடிதத்தையும் அங்கேயே அடிக்கணும். டாக்டரும் ஆர்டிஓ அலுவலக ஆளும் ஒரு மணி நேரம் வந்து போனால் போதும். கட்டின் மேல் வைக்கிற அந்தத் தாளுக்கு ஒரு மாதிரி நானே போட்டுப் பார்க்கிறேன், நாளைக்கு இங்கே ஏற்றுகிறேன், திருத்துங்கள்.

சங்ககிரி டிரைவர் எழுதியது:

சரி சார். அந்தத் தாளில் ‘கடைசி 24 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் ஓட்டினார், ஓனர் பெயர்’ என்று ஒரு கட்டம் வந்தால் என் கையெழுத்து உண்டு, சங்கத்திலும் பேசுகிறேன். ஒன்று கேட்கணும். இப்போது பாதி வண்டியில் பீகார், ஒடிசா பையன்கள் ஓட்டுகிறார்கள். அவர்கள் லைசென்ஸ் அந்த ஊர் ஆர்டிஓ கொடுத்தது. கடிதம் அங்கே போகுமா?

அஸ்தம்பட்டி வக்கீல் எழுதியது:

210 மாநிலம் பார்க்கவில்லை அண்ணா. லைசென்ஸ் கொடுத்த அலுவலகம் எங்கே இருந்தாலும் அனுப்பத்தான் வேண்டும். அந்த ஆர்டிஓவின் முகவரிக்கும் தாளில் ஒரு கட்டம் சேர்த்துவிடுகிறேன்.